குடியிருக்க வீடா, இராத்தங்க விடுதியா?

1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின்னர், உயிர் ஒன்றையே உடைமையாகக் கொண்டு கனடாவின் ரொறன்ரோ மாநகரை அடைந்த எம்மவர் முதலிற் கால் ஊன்றிய இடங்களுள் ஒன்று, நகரின் நடுப்பகுதியில் வெலஸ்லி வீதியும் பார்லிமென்ற் வீதியும் சந்திக்கும் சூழலில் நிற்கும் சென் ஜேம்ஸ் டவுண் அடுக்குமாடிகளாகும். ஒரு படுக்கையறை கொண்ட வீட்டில் ஆறு பேர், எட்டுப் பேர் என முறை வைத்துப் படுத்தெழும்பினர். இரவு வேலைக்குச் சென்றவன் திரும்பிவரும் வேளையில் பகல் வேலைக்காரன் பாயை விட்டு எழுந்தான். எனினும் அது மாத வாடகைக்குப் பெற்ற வீடு. வாடகைப் பத்திரத்தில் ஒருவனுடைய பெயர் இருந்தது. அந்த விலாசத்தைக் கொண்டே வங்கியிற் கணக்குத் திறந்தனர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற் சேர்த்தனர். அகதி விண்ணப்பம் பற்றிய அரசாங்கக் கடிதங்களைப் பெற்றனர். இன்று ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் சொந்த வீடு கட்டி வாழும் குடும்பங்கள் பலவற்றின் சரித்திரம் அத்தகைய ஒரு வாடகைப் பத்திரத்திலிருந்தே தொடங்குகின்றது.

அந்த முதற்படியைப் பெயர்த்தெடுக்கும் ஒரு வியாபாரத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றோம். கனடா நாட்டு வீட்டு விவகாரம் எமக்கு எதற்கு என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். தோட்டக் காணியை ஈடு வைத்து மகனை அங்கே படிக்க அனுப்பிய தகப்பன் அவ்வாறு கேட்கமாட்டான். மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் மகன் கூறும் வாடகைத் தொகையை ரூபாவுக்கு மாற்றிப் பார்த்து அவன் நெஞ்சு பதைப்பதை நாம் அறிவோம்.

2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் எயார்பிஎன்பி என்னும் நிறுவனம் தொடங்கியபோது, வீட்டில் மிஞ்சியிருக்கும் ஓர் அறையை, ஒரு மெத்தையை, வழிப்போக்கனுக்கு இரவு வாடகைக்குக் கொடுத்து வீட்டுக்காரன் சில காசு தேடிக்கொள்ளலாம் என்பதே அதன் எண்ணமாக இருந்தது. அதிலே பிழை காண ஒன்றுமில்லை. வந்தாரை வரவேற்றுத் திண்ணையில் இடங்கொடுத்த மரபு எமக்கும் உண்டு. ஆனால் வியாபாரம் அந்த மெத்தையோடு நிற்கவில்லை. அறை போய் முழு வீடு வந்தது. ஒரு வீடு போய்ப் பல வீடுகள் வந்தன. தான் ஒருநாளும் குடியிராத கொண்டோ வீடுகளை ஐந்தும் பத்துமாக வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, அவற்றை இரவுக் கணக்கில் உல்லாசப் பிரயாணிகளுக்கு விடும் முதலாளிகள் தோன்றினர். ரொறன்ரோ நகரின் நடுவே ஏரிக்கரையை அண்டி எழுந்த கண்ணாடிக் கோபுரங்கள் சிலவற்றில், அயல்வீட்டில் இன்று யார் இருக்கிறார் என்பதை அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர் அறியார்.

இதன் கணக்கு விளங்குவதற்குப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. உதாரணத்துக்காக, மாத வாடகைக்கு 2,000 டொலர் பெறும் ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். அதையே இரவுக்கு 150 டொலர் வீதம் மாதத்தில் 20 இரவுக்கு விட்டால் 3,000 டொலர் கிடைக்கும். துப்புரவுக் கூலி, நிறுவனத்தின் தரகு ஆகியன போனாலும் இலாபம் மிஞ்சும். ஆனால் இலாபத்திலும் பெரிதான ஒரு கவர்ச்சி இதில் உண்டு. அதைச் சட்டம் படித்தவனே முதலிற் காண்பான். ஒன்ராறியோ மாகாணத்தின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டம், மாத வாடகையாளனுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. தகுந்த காரணமும் முறையான அறிவித்தலும் நியாயசபையின் கட்டளையும் இன்றி அவனை வெளியேற்ற முடியாது. அதே சட்டம், பிரயாணிகளுக்கெனத் தற்காலிகமாகக் கொடுக்கப்படும் தங்குமிடத்தைத் தன் எல்லைக்குப் புறம்பாக்கியுள்ளது. ஆகவே குடியிருப்பவனை நீக்கி விருந்தாளியை வைத்தவுடன் வீட்டுக்காரன் ஒரு சட்டம் முழுவதிலிருந்தும் விடுதலை பெற்றுவிடுகின்றான். கதவு அதே கதவு, சுவர் அதே சுவர்; உள்ளே படுத்திருப்பவனுடைய பெயர்தான் மாறிவிட்டது.

பெயரை மாற்றிச் சட்டத்தைத் தாண்டும் இவ்வித்தை எமக்குப் புதிதன்று. எமது நாட்டின் வாடகைச் சட்டத்தைத் தவிர்க்கும் பொருட்டு, குத்தகையை ‘அனுமதி’ என்று பெயரிட்டு எழுதிய பத்திரங்களைக் கொழும்பு நீதிமன்றங்களில் வாதாடிய நியாயவாதிகள் எத்தனையோ கண்டிருப்பர். பத்திரத்தின் பெயரைப் பாராது அதன் உள்ளடக்கத்தைப் பார் என்பதே அங்கு எழும் வாதம். விவசாயிகளுக்கோ இதைவிட நன்றாகத் தெரியும். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வாரக்குடிக்கு வயலில் நிலையான உரிமை தந்தபோது, நேற்று வரை வாரக்குடியாக இருந்தவனை இன்று கூலியாள் என்று எழுதி வரம்பை விட்டு இறக்கிய காணிக்காரர் நாட்டின் பல பாகங்களிலும் இருந்தனர். அன்று வயலில் நடந்தது இன்று மாடிவீட்டில் நடக்கின்றது.

ரொறன்ரோ மாநகரசபை இதைக் கண்டும் காணாதது போல் இருந்துவிடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் உறுதிப்பட்ட அதன் விதியின் சாரம் ஒரு வசனத்தில் அடங்கும்: தொடர்ச்சியாக 28 நாட்களுக்குக் குறைந்த காலத்துக்கு ஒருவன் வாடகைக்கு விடக்கூடியது தான் குடியிருக்கும் முதன்மை வீட்டையே அன்றி வேறொன்றையன்று. தன் வீட்டில் மூன்று அறைகள் வரை அவன் விடலாம். தான் ஊரில் இல்லாத நாட்களில் முழு வீட்டையும் விடலாம். முழு வீட்டை விடுவது ஆண்டொன்றுக்கு 180 இரவுகளைத் தாண்டலாகாது. சபையிற் பதிவு செய்து, பதிவிலக்கத்தை விளம்பரத்திற் காட்டவேண்டும். மிஞ்சிய அறையைப் பகிர்வதே தமது தொழில் என்று கூறிவந்தவர்களை, ‘அப்படியானால் அதையே செய்யுங்கள்’ என்று அவர்கள் வாக்காலேயே கட்டிய விதி இது.

உடனே வீட்டு முதலாளிகள் சிலர் மேன்முறையீடு செய்தனர். உள்ளூர்த் திட்டமிடல் மேன்முறையீட்டு நியாயசபை 2019ஆம் ஆண்டு நவம்பர் 18ஆந் திகதியே அதைத் தள்ளுபடி செய்தது. இரவு வாடகைக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு வீடும் நிரந்தரமாகக் குடியிருக்கக்கூடிய ஒரு குடும்பத்தை வெளியே நிறுத்துகின்றது என்னும் எளிய கணக்கை அந்நியாயசபை ஏற்றுக்கொண்டது. வழக்கு நடந்த ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளும் விதி உறங்கிக் கிடந்தது. முதலாளிகளின் வருமானம் உறங்கவில்லை. பின்னர் பதிவு தொடங்கி, பதிவின்றி நடத்துவது குற்றமானது 2021 ஜனவரி 1ஆந் திகதியிலேயே. மூன்று ஆண்டுகள் கழிந்தன. தோற்கும் வழக்கும் சிலருக்கு இலாபம் தரும் என்பதை எமது தொழிலில் உள்ளோர் அறிவர், வெளியே சொல்வதில்லை.

அம்மேன்முறையீட்டில் எழுப்பப்பட்ட வாதம் எங்கும் எழுப்பப்படுவதே: என் காசில் வாங்கிய வீடு, அதை நான் விரும்பியவாறு ஆளும் உரிமை எனக்கில்லையா? இதை நாம் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. காணி உரிமை பறிபோவதன் வேதனையை எமது இனத்துக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. ஆயினும் உரிமை என்பது வேறு, எல்லையற்ற உரிமை என்பது வேறு. தன் சொந்த வயலையே ஆயினும், கமநல அதிகாரிகளின் எழுத்துமூல அனுமதியின்றி மண் போட்டு நிரப்ப எமது விவசாயிக்கு உரிமையில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அதைத் தடுக்கின்றது. அவனுடைய உறுதியை எவரும் பறிக்கவில்லை. ஊருக்கு நெல் வேண்டும் என்பதற்காக வயல் வயலாகவே இருக்கட்டும் என்று மட்டும் சட்டம் சொல்கின்றது. நகருக்குக் குடியிருப்பு வேண்டும் என்பதற்காக வீடு வீடாகவே இருக்கட்டும் என்று சொல்வதில் அநீதி எங்கே இருக்கின்றது? ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் பரிஸ் நகர் பற்றிய வழக்கொன்றில் 2020 செப்ரெம்பரில் இதே நிலையை எடுத்தது. நீண்டகால வாடகை வீடுகளின் பற்றாக்குறையைப் போக்குவது பொதுநலம் சார்ந்த தகுந்த காரணம் என்றும், அதன்பொருட்டுக் குறுகியகால வாடகைக்கு முன்னனுமதி வேண்டுவது சட்டத்துக்கு அமைவானது என்றும் அது தீர்த்தது.

இங்கே ஓர் உண்மையை மறைப்பது எமக்கு அழகன்று. ரொறன்ரோவின் வீட்டுப் பஞ்சத்துக்கு இவ்வியாபாரம் மட்டுமே காரணம் என்று எவரும் சொன்னால் அவர் கணக்கறியாதவர். மக்கில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் டேவிட் வாக்ஸ்மத்தும் அவர் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, கனடா முழுவதிலும் ஏறக்குறைய 31,000 வீடுகள் இவ்வாறு குடியிருப்பிலிருந்து நீங்கியிருக்கலாம் எனக் கணித்தது. 2024இல் கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்ட கணக்கோ, நீண்டகாலக் குடியிருப்புக்கு உதவக்கூடிய இரவு வாடகை வீடுகள் 2023இல் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல் இருந்தன என்றது. நாட்டின் மொத்த வீடுகளில் அது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. போதிய வீடு கட்டாமை, வட்டி, 2018 நவம்பர் 15க்குப் பின் முதன்முதற் குடியேறிய வீடுகளுக்கு ஆண்டு வாடகை உயர்வின் உச்சவரம்பை ஒன்ராறியோ அரசாங்கம் நீக்கியமை ஆகியன யாவும் இதிற் பங்குடையன.

ஆயினும் நாடு முழுவதற்கும் சராசரி போட்டுக் காட்டுவது குளத்தின் சராசரி ஆழத்தைச் சொல்லி ஒருவனை இறக்கிவிடுவது போன்றது. இந்த வீடுகள் நாடெங்கும் சமனாகச் சிதறிக் கிடக்கவில்லை. வேலையும் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் நிலக்கீழ் ரயிலும் உள்ள நகர நடுவிலேயே அவை பெரிதும் குவிந்தன. காலியான வீடுகள் மிகச் சிலவாக உள்ள ஒரு நகரில், ஒரு கோபுரத்தின் சில மாடிகள் விடுதியாக மாறினாலே அயலில் வாடகை ஏறும். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் எல்லைகள் மூடப்பட்டு உல்லாசப் பிரயாணிகள் வராமற் போனபோது, நகர நடுவில் தளபாடங்களோடு கூடிய கொண்டோ வீடுகள் பல திடீரென மாத வாடகைக்கு விளம்பரமாகின; வாடகையும் இறங்கியது. மாணவர் வராமையும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் வழக்கமும் அவ்விறக்கத்துக்குக் காரணமாயின என்பதை மறுக்கவில்லை. ஆனால் வீடே இல்லை என்று கூறப்பட்ட நகரிற் கதவுகள் எங்கிருந்து திறந்தன என்பதை மக்கள் கண்ணாற் கண்டனர்.

இதைவிடப் பாரதூரமான ஒரு விளைவும் உண்டு. வீடு கிடைக்காத நகரிற் பழி எப்போதும் கடைசியாக வந்தவன் தலையிலேயே விழும். 2024 ஜனவரி 22ஆந் திகதி, அப்போது குடிவரவு அமைச்சராக இருந்த மார்க் மில்லர், வெளிநாட்டு மாணவர்க்கான அனுமதியை அவ்வாண்டு மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைப்பதாக அறிவித்தார். வீட்டுப் பற்றாக்குறையும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஒரு நாடு தன்னால் இயன்ற அளவுக்கே மாணவரை ஏற்கும் என்பது அந்நாட்டின் உரிமை. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஒரு நிலக்கீழ் அறையில் நால்வராக ஒடுங்கிக் கிடந்த யாழ்ப்பாணத்து மாணவனே அந்நகரின் வீடுகளை விழுங்கிவிட்டான் என்பது போன்ற பேச்சு, பத்து வீடுகளின் சாவியைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் முதலாளியைப் பற்றி அதே சுருதியில் எழவில்லை. அவனுக்கு அங்கே வாக்குரிமை உண்டு, மாணவனுக்கு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எமக்குத் தோன்றவில்லை.

இனி எம்மவர் பக்கம் திரும்புவோம். இவ்விவகாரத்தில் தமிழர் எல்லோரும் வாடகையாளர் என்று எண்ணுவது தவறு. ஸ்காபரோவிலே சொந்த வீடு வைத்து, அதன் நிலக்கீழ்ப் பகுதியை, ‘பேஸ்மென்ற்’ என்று அங்கே வழங்குவதை, வாடகைக்கு விட்டுக் கடன் கட்டுவோர் ஆயிரக்கணக்கில் உளர். அவர்கள் மனத்தாங்கல் யாதெனில், தாம் மேலே குடியிருந்தாலும், தனிச் சமையலறையும் தனி வாசலும் உள்ள நிலக்கீழ் வீட்டை இரவு வாடகைக்கு விட நகரவிதி இடங்கொடுப்பதில்லை என்பது. அது தனி வீடு. அதிலே குடியிருப்பவனே அதை விடலாம் என்பது விதியின் நிலைப்பாடு. எமது கருத்தில் அது சரியான நிலைப்பாடே. புதிதாக வருபவனுக்கு அந்நகரில் மிஞ்சியிருக்கும் வாசல் அந்த நிலக்கீழ் வாசல்தான். அதையும் விடுதியாக்கினால் அவன் எங்கே போவான்?

ஆனால் அவ்வீட்டுக்காரருடைய அச்சத்தை நாம் அலட்சியஞ் செய்யமாட்டோம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கு 0.25 ஆக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி 2023 யூலையில் 5 ஆக ஏறியது. மாறும் வட்டியிற் கடன் எடுத்திருந்த குடும்பத்துக்கு அது இடி. அதே காலத்தில், வாடகை கொடாத ஒருவனை எழுப்புவதற்கு வீட்டுச் சொந்தக்காரர், வாடகையாளர் பிணக்குகளை விசாரிக்கும் மாகாணச் சபையின் வாசலில் மாதக் கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. 2023 மே மாதத்தில் ஒன்ராறியோவின் ஒம்புட்ஸ்மன் வெளியிட்ட அறிக்கை, 38,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் அச்சபையில் தேங்கிக் கிடந்ததை எடுத்துக்காட்டிக் கடுமையாகக் கண்டித்தது. வாடகை தராதவனால் வீட்டுக்காரனும், குளிரில் வெப்பமூட்டி திருத்தப்படாமல் வாடகையாளனும் ஒரே வரிசையில் நின்று இளைத்தனர். ஓர் இரவு விருந்தாளி முன்பணம் கட்டி மறுநாள் போய்விடுவான் என்ற எண்ணம் எத்தனையோ நல்ல குடும்பங்களை இரவு வாடகையின் பக்கம் தள்ளியது இதனாலேயே. ஆகவே நகரவிதியைத் தளர்த்து என்று கேட்பதை விடுத்து, மாகாணச் சபையைத் திருத்து, வழக்கு விசாரிப்போர் தொகையைக் கூட்டு, தவணை தராதே என்று கேட்பதே எம்மவர் கேட்கவேண்டியது. அக்கோரிக்கையிற் சொந்தக்காரரும் வாடகையாளரும் ஒருங்கே கையொப்பமிடலாம். ஒன்ராறியோ சட்டசபையில் எம்மவர் பிரதிநிதிகளாகவும் அமர்ந்துள்ளனர்.

விதி இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு மொன்றியல் நகரம் சாட்சி. 2023 மார்ச் 16ஆந் திகதி பழைய மொன்றியலில் ஒரு கட்டிடம் தீப்பற்றி எழுவர் மாண்டனர். அப்பகுதியில் உல்லாசப் பிரயாணிகளுக்கான குறுகியகால வாடகைக்கு இடமில்லாதிருந்தும், அக்கட்டிடத்தின் வீடுகள் சில இணையவழி விளம்பரமாகி இரவு வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. அதன் பின்னரே கியூபெக் மாகாணம், பதிவிலக்கம் செல்லுபடியாகாத விளம்பரத்தை வெளியிடும் நிறுவனத்தையே தண்டிக்கச் சட்டம் இயற்றியது. கனடா மத்திய அரசாங்கமும் 2024 ஜனவரி 1 முதல், உள்ளூர் விதியை மீறி நடத்தும் இரவு வாடகையில் செலவு கழிக்க வருமானவரிச் சட்டத்தில் இடமில்லை என்றாக்கியது. ரொறன்ரோவும் 2024இல் தன் விதிகளை மேலும் இறுக்கியது. ஆயினும் ஓர் ஐயம் எமக்குண்டு. உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் ஆறு ஆட்டங்கள் ஒதுக்கப்பட்ட அந்நகர், தன் தங்குமிட வரியை 2025 யூன் 1 தொடக்கம் 2026 யூலை 31 வரை நூற்றுக்கு 6இலிருந்து 8.5 ஆக உயர்த்தியது. வரி எடுப்பது நியாயம். ஆனால் ஒரு வியாபாரத்தின் ஒவ்வோர் இரவிலும் பங்கு பெறும் சபை, அவ்வியாபாரத்தின் இரவுகளைக் குறைக்க எவ்வளவு ஊக்கத்தோடு இன்ஸ்பெக்டரை அனுப்பும்?

பிள்ளைகளை அனுப்பவிருக்கும் பெற்றோர்க்கு இரண்டொரு சொல். கல்வித்தவணை தொடங்கும் செப்ரெம்பர் மாதத்துக்கு முன், இணையத்திற் கண்ட ‘மாத வாடகை’ அறைக்கு இங்கிருந்தே முற்பணம் அனுப்பிவிடாதீர்கள். அங்குள்ள உறவினர் ஒருவரை நேரில் அனுப்பிப் பாருங்கள். 28 நாட்களுக்குக் குறைந்த தங்கலாயின் மாநகரசபைப் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். மாத வாடகையாயின், 2018 ஏப்ரில் 30 முதல் ஒன்ராறியோவில் நடைமுறையிலுள்ள பொது வாடகை ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். வாடகையாளன் அதை எழுத்தில் கேட்டால் 21 நாட்களுக்குள் வீட்டுக்காரர் கொடுத்தாக வேண்டும். கொடாவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்திவைக்கலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: சமையலறையையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்ந்து அவர் வீட்டிலேயே தங்கும் மாணவனுக்கு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. எம்மவர் வீடுகளில் தங்கும் எம்மவர் பிள்ளைகள் பலர் இந்நிலையிலேயே உள்ளனர். அங்கே சட்டத்துக்குப் பதிலாக இருப்பது அவ்வீட்டுக்காரரின் மனம் ஒன்றே. அவர்களிற் பலர் சென் ஜேம்ஸ் டவுணில் முறை வைத்துப் படுத்தவர்கள்.